தூத்துக்குடிக்கு ஒரு திருநாள்

வீட்டுக்கு வீடு சமையற்கட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழிப்பது யார் என்று பிள்ளைகளுக்குள் போட்டி. நமக்கோ அதில் பார்க்க வேண்டியவை நிறைய: ராகு காலம், அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள், பால் வராத அன்றைக்கு நாமே போட்டு வைத்த பென்சில் கோடு. இத்தனையும் பார்க்கிற நம்மில் எத்தனை பேர் நவம்பர் 18ஆம் தேதித் தாளில் கண்ணை நிறுத்தியிருப்போம்?

அன்றைக்குத் தமிழ்நாட்டில் 'தியாகத் திருநாள்'. நானாகச் சூட்டிய பெயர் அல்ல. 2021ஆம் வருஷம் செப்டம்பர் 3ஆம் தேதி, வ.உ.சிதம்பரம் பிள்ளையின் 150ஆவது பிறந்த நாளை ஒட்டி, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் 14 அறிவிப்புகள் செய்தார். அவற்றில் ஒன்று, பிள்ளையவர்கள் மறைந்த நவம்பர் 18ஆம் தேதி ஆண்டுதோறும் தியாகத் திருநாளாக அனுசரிக்கப்படும் என்பது. தூத்துக்குடியில் மேலப் பெரிய காட்டன் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்படும் என்பது இன்னொன்று. ஆக, ஊருக்கு ஒரு சாலை, நாட்டுக்கு ஒரு நாள். அவர் கப்பல் விட்டதும் தூத்துக்குடியில், கண்ணை மூடியதும் தூத்துக்குடியில். அந்த ஊருக்கும் நம் விடுதலைக்கும் உள்ள உறவைச் சர்க்கார் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டது.

திருநாள் என்கிறார்களே, பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டா என்று கேட்பீர்கள். கிடையாது. வடை, பாயசம்? அதுவும் கிடையாது. சிலைக்கு மாலை போடுகிறார்கள், அடுத்த நாள் பத்திரிகையில் படம் வருகிறது. மாலை போடுவதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நாளைச் சர்க்கார் கொடுக்கலாம். அதை வீட்டுக்குள் கொண்டுவருவது யார்?

இந்தச் சந்தேகம் எனக்கு வந்ததற்குக் காரணமே வேறொரு துறைமுகப் பட்டினம்தான். அதே 2021இல், இந்த அறிவிப்புக்கு இரண்டரை மாதம் முன்னால், ஜூன் 17ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஜூன் 19 அந்த நாடு முழுவதற்கும் விடுமுறை நாள். 'ஜூன்டீன்த்' என்று அதற்குப் பெயர். ஜூனையும் நைன்டீன்த்தையும் சேர்த்து வாயில் போட்டு மென்றால் வருகிற பெயர். டெக்ஸாஸ் மாகாணத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம், தூத்துக்குடி மாதிரியே பருத்தி ஏற்றுமதி செய்த துறைமுகம். 1863ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியே அடிமைகள் விடுதலை என்று லிங்கன் பிரகடனம் செய்துவிட்டார். ஆனால் டெக்ஸாஸில் எஜமானர்கள் அதை லட்சியம் செய்யவில்லை. இரண்டரை வருஷம் கழித்து, 1865 ஜூன் 19 அன்று, கிராஞ்சர் என்ற தளபதி பட்டாளத்தோடு கால்வெஸ்டனில் வந்திறங்கி உத்தரவை வெளியிட்ட பிறகுதான் அங்கே அடிமைத்தளை அறுந்தது.

அடுத்த வருஷத்திலிருந்தே அந்த ஜனங்கள் அந்தத் தேதியைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். யாரும் லீவு கொடுக்கவில்லை. கூடுவதற்கு ஊரில் இடம் கொடுக்கவும் ஆள் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்தில் ஹூஸ்டன் நகரத்தில் இருந்தவர்கள் 1872இல் தங்களுக்குள் பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 'விடுதலைப் பூங்கா' என்று பெயர் வைத்தார்கள். (நம் சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் பிறந்ததும் அதே 1872!) சமைக்கும் பெண்மணிகள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்: அன்றைக்குச் சாப்பாட்டில் சிவப்பு நிறம் இருக்க வேண்டும். சிவப்புச் சர்பத், தர்ப்பூசணி, சிவப்புப் பலகாரம். சிந்திய ரத்தத்தின் ஞாபகம் என்று சொல்லுகிறார்கள். இப்படி நூறு வருஷத்துக்கு மேல் அடுப்படியிலும் கோயில் வாசலிலும் வளர்ந்த நாளை, 1979இல்தான் டெக்ஸாஸ் சர்க்கார் சட்டம் செய்து ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் ஏற்க இன்னும் 42 வருஷம் ஆயிற்று. அதற்காக ஓபல் லீ என்ற பாட்டி 2016இல், 89ஆம் வயதில், டெக்ஸாஸிலிருந்து வாஷிங்டனை நோக்கி ஊர் ஊராக நடந்தார். ஒவ்வோர் ஊரிலும் இரண்டரை மைல். விடுதலைச் செய்தி வராத இரண்டரை வருஷத்துக்கு அடையாளமாக இரண்டரை மைல்! சட்டத்தில் கையெழுத்தானபோது அவருக்கு வயது 94. ஜனாதிபதி பக்கத்திலேயே நின்றார்.

அங்கே வீடு முதலில் கொண்டாடியது, சர்க்கார் பின்னால் வந்தது. இங்கே சர்க்கார் முதலில் வந்திருக்கிறது. வீடு?

தூத்துக்குடிக்குத் தானாகக் கொண்டாடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அடியும் வாங்கியது. அந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

கப்பல் கதை உங்களுக்குத் தெரியும். 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் அழ வைத்ததை உங்கள் பாட்டியைக் கேட்டால் இன்னும் சொல்லுவார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? டிக்கெட் விலையைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் 'சும்மாவே வாருங்கள், ஒரு குடையும் தருகிறோம்' என்றது. புடவைக்கு ரவிக்கைத் துணி இலவசம் என்றால் நாம் கடை மாறிவிடுவோமே, அந்தத் தந்திரம்தான். அப்படியும் ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். குடையை வேண்டாம் என்ற அந்தப் பிரயாணிகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

படத்தில் கப்பல் பெரிதாகத் தெரிவதால் மில் நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அந்தக் கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஏஜண்டு ஹார்வி கம்பெனி. கோரல் பஞ்சாலையும் அவர்கள் கையில்தான். விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்புகிற வேலை, கொஞ்சக் கூலி, ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டத்தில் பேசினார்கள். வேலையை விட்டவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஊரார் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு வேறு வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். ஒன்பது நாளைக்குள் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை லீவு!

இந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு எண்ணெய்க் குளியல், மீன் குழம்பு, மத்தியானத் தூக்கம். அது மழை மாதிரித் தானாக வந்தது என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். தூத்துக்குடியில் ஒரு மில் தொழிலாளி தன் குழந்தையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஒன்பது நாள் பட்டினிக்குத் துணிய வேண்டியிருந்தது. விடுதலைத் திருநாள் என்று ஒன்று உண்டானால், இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

அதே சூட்டில் இன்னொரு கொண்டாட்டம் வந்தது. வங்காளத்து விபின் சந்திர பாலர் ஆறு மாதச் சிறைவாசம் முடிந்து 1908 மார்ச் 9ஆம் தேதி விடுதலையாக இருந்தார். அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்றதற்காகக் கிடைத்த சிறை அது. எங்கேயோ வடக்கே ஒரு மனிதர் சிறையிலிருந்து வருகிறார், நெல்லைச் சீமையில் அதைத் திருநாளாகக் கொண்டாட ஏற்பாடு! கூடாது என்றார் கலெக்டர் விஞ்ச். கொண்டாடினார்கள். தாமிரபரணிக் கரையில் கூட்டம் நடந்தது. லீவு விண்ணப்பமும் இல்லை, உத்தரவும் இல்லை. ஜனங்களே நாள் குறித்து, ஜனங்களே நடத்திய திருநாள் அது.

மூன்றே நாளில், மார்ச் 12ஆம் தேதி, பிள்ளையும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. முனிசிபல் ஆபீஸ் எரிந்தது, போலீஸ் ஸ்டேஷன் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டார்கள். தூத்துக்குடியில் கடைகள் அடைத்தன. குதிரை வண்டிகள் ஓடவில்லை. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல, தங்களுக்குக் கூலி வாங்கிக் கொடுத்தவருக்காக. பிள்ளையின் எதிர்க்கட்சி என்று தெரிந்ததும், பாதிச் சவரத்தில் ஒரு வக்கீலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாராம் ஒரு நாவிதர். அந்தக் கதையைத் தூத்துக்குடியில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அதற்குப் பிறகு சர்க்கார் தண்டக் காவல் என்று கூடுதல் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தச் செலவை ஊர் ஜனங்கள் தலையிலேயே வரியாகப் போட்டது. அடித்தவனுக்கு அடிபட்டவனே கூலி கொடுக்கிற கணக்கு!

ஜூலை 7ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு குற்றத்துக்கு இரண்டு ஆயுள் தண்டனை. பிள்ளைக்கு அப்போது வயது 35. மேல்முறையீட்டில் குறைந்து, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி மூடிவிட்டது. காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனியே வாங்கிக்கொண்டது.

முத்துக்குளிக்கிற கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக் கடலுக்குள் போகிறான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கை தளரமாட்டான் அல்லவா! முத்தைக் கொண்டு வருகிறவனை எல்லோரும் பார்க்கிறோம். கயிற்றைப் பிடித்தவனைப் பார்ப்பதில்லை.

சிதம்பரம் பிள்ளையின் கயிற்றைப் பிடித்தவர் மீனாட்சியம்மாள். கப்பல் வாங்கப் பிள்ளை பம்பாய் போயிருந்த சமயத்தில் மூத்த பிள்ளை உலகநாதனுக்குக் கடுமையான காய்ச்சல் என்றும், மீனாட்சியம்மாளுக்குப் பிரசவ காலம் நெருங்கிவிட்டது என்றும், ஊருக்கு வந்துவிட்டுப் போகும்படி சொன்னார்களாம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் வரவில்லை. வரலாறு எழுதியவர்கள் இதை அவருடைய தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். எனக்கு என்னவோ, அன்று காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, நிறைவயிற்றோடு விழித்திருந்தவளின் தியாகமாகத்தான் அது படுகிறது. அண்ணனுக்கு விழுந்த தண்டனையைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கி, கடைசி வரை தெளியவில்லை. கணவரை விடச் சொல்லி அதிகாரிகளுக்கு மனுப் போட்டதும் மீனாட்சியம்மாள்தான். இவையெல்லாம் சிலையில் வராது. சிலை ஒருவருக்குத்தான் வைக்க முடியும்.

சிறையிலிருந்து வந்தபின் வக்கீல் சன்னதும் இல்லை, வருமானமும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வேதியப் பிள்ளை என்பவர் அங்குள்ள தமிழர்களிடம் திரட்டி, பிள்ளைக்குக் கொடுக்கும்படி காந்தியிடம் சேர்த்த பணம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி 1915, 16ஆம் வருஷங்களில் பிள்ளையும் காந்தியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா.வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். லட்சக் கணக்கில் பங்கு சேர்த்துக் கப்பல் வாங்கியவர் வீட்டில் அந்தப் பன்னிரண்டு அணாவுக்கும் கணக்கு இருந்திருக்கும். மாதக் கடைசியில் செலவு நோட்டைப் புரட்டுகிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் பிள்ளை! வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஒரு வெள்ளைக்காரர் செய்த நல்லதை மகன் பெயரில் வைத்துக் கூப்பிட்டார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமாகுமுன் எழுதிய கடைசிப் பத்திரத்தில், எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்றுகூடக் குறித்து வைத்திருந்தார்.

அவருக்குச் சர்க்கார் செய்த மரியாதைகளைச் சொல்லாமல் விட்டால் நன்றியாகாது. 1972இல் நூற்றாண்டுத் தபால் தலை. 1986இல் 'சிதம்பரனார் மாவட்டம்' என்றே ஒரு மாவட்டம் பிறந்தது. 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயரே வேண்டாம் என்று தீர்மானமானபோது, அந்தப் பெயர் போய்த் 'தூத்துக்குடி மாவட்டம்' ஆயிற்று. 2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வந்தது. அதே 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பிரயாணிக் கப்பல் ஒன்றும் கிளம்பியது. ஆகா, பொருத்தமாயிருக்கிறதே என்று எல்லோரும் மகிழ்ந்தோம். வருஷம் முடிவதற்குள் நின்றுபோயிற்று. கப்பல் ஓட்டுவது அன்றைக்கும் லேசில்லை, இன்றைக்கும் லேசில்லை.

பெயர் கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள், மறுபடி கொடுக்கிறார்கள். அது அவர்கள் கையில். நாள் அப்படியல்ல. ஜூன்டீன்த்தைச் சட்டம் வருமுன்பே நூறு வருஷம் காப்பாற்றியது சிவப்புச் சர்பத் கரைத்த பெண்கள் கைதான். நம்முடைய நவம்பர் 18க்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். தூத்துக்குடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மக்ரூன் வாங்கித் தின்றால் மட்டும் போதாது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருச்செந்தூர் போகிற குடும்பங்கள் ஒரு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கிண்டி காந்தி மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் இழுத்த செக்கு அங்கே இருக்கிறது. அதன் கனத்தைப் பார்த்த குழந்தைக்கு நீங்கள் பாடம் சொல்ல வேண்டியிராது. 'அம்மா, இதை மாடுதானே இழுக்கும்?' என்று அதுவே கேட்கும்.

கூடவே, 1908 பிப்ரவரி 27ஐயும் மார்ச் மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தியாகத் திருநாள் ஒருவர் இறந்த நாளாக மட்டும் நின்றுவிட்டால், குடையை வேண்டாம் என்றவர்களும் ஞாயிற்றுக்கிழமையை வாங்கியவர்களும் வெளியே நின்றுவிடுவார்கள்.

உங்களிடம் ஒரு வேலையும் ஒப்படைக்கிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதரிகளே, உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ கோரல் மில்லில் வேலை பார்த்ததுண்டா? சுதேசிக் கம்பெனியில் 25 ரூபாய்ப் பங்கு வாங்கியதுண்டா? வீட்டுப் பெட்டியில் பழைய காகிதம் ஏதாவது கிடக்கிறதா? பாட்டி சொன்ன பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை. பெயர், ஊர், என்ன வேலை என்று ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்புங்கள். பாட்டிமார் பெயரையும் விட்டுவிடாதீர்கள். வருகிற நவம்பர் 18ஆம் தேதியை ஒட்டிய இதழில், வந்த பெயர்களை எல்லாம் இந்தப் பகுதியில் வரிசையாகப் போடுகிறேன். இடம் போதாவிட்டால் அந்த வாரம் என் பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன்.